பி.எஃப். முருகனும் லீவு முருகனும்

"கிராமுக்கு அறுவது ஏறிட்ச்சு! எறங்கறவங்கல்லாம் எறங்கிக்கோங்க! ஏர்றவங்க நாளைக்கி வாங்க!"

சந்திரமோகன் நகைக்கடையின் ஷட்டர் பாதிதான் தூக்கியிருக்கும். வாசல் பலகையில் அன்றைய விலையை எழுதிய மை காய்ந்திருக்காது. அதற்குள் துளசிங்கத்தின் குரல் கடைத்தெருவின் அடுத்த முனைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பூக்கட்டுகிற பெண்கள் நிமிராமலே சிரிப்பார்கள். மொட்டைத் தலையில் சந்தனம் காயாமல் மலையிலிருந்து இறங்கி வரும் ஆந்திரா பக்தர்களைப் பார்த்துவிட்டால் தெலுங்கிலும் ஒரு அறிவிப்பு உண்டு. "பங்காரம் பெரிகிந்தண்டி!" அவர்களும் தலையாட்டிக்கொண்டு போவார்கள். தங்கம் ஏறினால் யாருக்குத்தான் புரியாது!

"அண்ணா, நீ இப்படிக் கத்தினா வாங்க வர ஆளும் திரும்பிப் போயிடுது" என்பார் சந்திரமோகன்.

"போவட்டும்யா. விலைய மறைச்சி ஏத்தினா அது வண்டி இல்ல, கடத்தல்."

துளசிங்கம் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். திருத்தணியிலிருந்து பொதட்டூர்பேட்டை வழியாகப் பள்ளிப்பட்டு. பணிக்காலம் முழுக்க ஏறக்குறைய அந்த ஒரே தடம். அதனால் தரையில் நிற்கும்போதும் கால்களை அகட்டித்தான் நிற்பார், பூமி எந்த நேரமும் பிரேக் போடலாம் என்பதுபோல. பை தொங்கிய இடது தோள் வலது தோளைவிடக் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும். ரூபாய்த் தாள்களை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகிக்கொண்டுதான் கறிவேப்பிலை வாங்கவே போவார். கல்யாண மண்டபத்தில் நுழைந்தால் முதலில் தலைகளை எண்ணுவார். "ஓவர் லோடு" என்று முணுமுணுத்துவிட்டுத்தான் பந்தியில் உட்காருவார்.

ஓய்வுப் பணம் அவருக்கு மொத்தமாக வரவில்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில், அதனதன் சௌகரியத்துக்கு வந்தது. அரக்கோணத்தில் ரயில்வேயில் வேலை செய்யும் மருமகன் கௌதமன் நல்ல பிள்ளை. பக்கத்தில் உட்காரவைத்து போனில் படமெல்லாம் காட்டினான்.

"மாமா, மியூச்சுவல் ஃபண்டுல போட்டுடுங்க. அது பாட்டுக்கு வளந்துகினு இருக்கும்."

"சரிப்பா. அத எங்க வெச்சிருப்பாங்க?"

"எங்கயும் இல்ல மாமா. கணக்குல இருக்கும்."

"நான் போயி ஒரு தபா பாத்துட்டு வரலாமா?"

"அதெல்லாம் பாக்க முடியாது மாமா."

துளசிங்கம் மருமகனை இரக்கத்தோடு பார்த்தார். "தம்பி, காசு வாங்கிட்டு டிக்கெட் கிழிச்சிக் குடுக்கலன்னா எங்க டிப்போல இன்னா தெரியுமா? மெமோ!"

அதோடு பேச்சு முடிந்தது. மகள் கல்யாணக் கடன் போக மிஞ்சிய பணம் ஒவ்வொன்றும் சந்திரமோகன் கடைக்குப் போய்த் தங்கமாகவும் வெள்ளியாகவும் திரும்பியது. முதலில் ஒரு கிலோ வெள்ளிக்கட்டி. மனைவி ஜெயம்மாள் அதை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள். "இது இன்னாய்யா, செங்கல்லு!" என்று சொல்லி, மாங்காய் ஊறுகாய் ஜாடியின் மூடிமேல் பாரமாக வைத்துவிட்டாள். அடுத்து தங்கக் காசுகள். தட்டில் வகைவகையாக எடுத்து வைத்தார் சந்திரமோகன். ரோஜாப்பூ போட்டது, லட்சுமி போட்டது, ஒன்றுமே போடாமல் எண் மட்டும் அடித்தது. அதில் ஓரமாக, மயில்மேல் சாய்ந்துகொண்டு, வேலோடு, நகத்தளவு முருகன்.

"திருத்தணில கீறவன் வேற யாரய்யா வாங்குவான்?" என்றார் துளசிங்கம். அன்றிலிருந்து அவர் வாங்கியதெல்லாம் முருகன்தான்.

எந்தப் பணத்தில் வந்தாரோ அந்தப் பெயர் அவருக்கு. வருங்கால வைப்பு நிதியில் வந்தவர் பி.எஃப். முருகன். பெரிய காசு கிராஜுவிட்டி முருகன். நிலுவைத் தொகையில் வந்தவர்கள் அரியர்ஸ் முருகன்கள், மூன்று பேர். எல்லோரிலும் சின்னவர், நாலு கிராம், எடுக்காத விடுமுறைகளுக்குக் கிடைத்த பணத்தில் வந்தவர்: லீவு முருகன். வெள்ளிக்கிழமை காலையில் ஜெயம்மாள் பித்தளைத் தட்டில் அத்தனை பேரையும் வைத்துப் பாலூற்றிக் கழுவி, சந்தனப் பொட்டு வைப்பாள். பக்கத்தில் கால்களை அகட்டி நின்றுகொண்டு துளசிங்கம் ஆள் கணக்கு எடுப்பார். "பி.எஃப் ஏறிட்டாரா? ஆங். கிராஜுவிட்டி? அரியர்ஸ்லாம் உள்ள தள்ளி ஒக்காருங்கப்பா. ரைட்டு, போலாம்." ஜெயம்மாள் கற்பூரத்தைக் காட்டிவிட்டு அவர் தலையிலும் ஒரு கொட்டு வைப்பாள்.

இப்படிச் சிரித்துக்கொண்டே போயிருக்கும், ஜெயம்மாளின் மூட்டு மட்டும் ஒத்துழைத்திருந்தால்.

இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. அடுப்படியிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் இரண்டு முறை சுவரைப் பிடிக்கிறாள். பக்கத்து வீட்டுச் சாவுக்குப் போனவளை நான்கு பேர் சேர்ந்து தரையிலிருந்து தூக்கிவிட வேண்டியிருந்தது. அழுத முகத்தோடு வந்தவர்கள் இவளைத் தூக்கும்போது சிரித்துவிட்டார்கள். அதை அவளே சொல்லிச் சிரித்தாள். ராத்திரி வலியில் பல்லைக் கடிக்கிற சத்தம் துளசிங்கத்துக்கு மட்டும்தான் கேட்கும். மகள் துர்கா அரக்கோணத்திலிருந்து வந்து, கையோடு சென்னைக்கு அழைத்துப்போய் பெரிய டாக்டரிடம் காட்டினாள். இனிமேல் தைலமெல்லாம் உதவாது, மூட்டையே மாற்ற வேண்டும் என்றார் டாக்டர். தள்ளிப்போட்டால் நடையே நின்றுவிடும். ஆனி மாதத்தில் ஒரு தேதியும் கொடுத்தார்கள். காப்பீட்டில் ஒரு பங்கு வரும். மிச்சத்தை முன்னதாகக் கட்ட வேண்டும்.

"இதுக்குத்தானமே வாங்கி வெச்சது!" துளசிங்கத்துக்கு உள்ளுக்குள் சந்தோஷம்கூட. பார்த்தாயா, என் கணக்கு தப்பவில்லை என்று மருமகனுக்கு ஒரு போன் வேறு.

வெள்ளிக்கட்டி முதலில் போனது. யாரும் கண்கலங்கவில்லை. ஊறுகாய் ஜாடிமேல் நிஜமான செங்கல் ஒன்று வந்து உட்கார்ந்தது. அடுத்த நாள் முருகன்களைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் ஆட்டோவில் சந்திரமோகன் கடைக்குப் போனார்கள். பி.எஃப். முருகன் தராசுத் தட்டில் ஏறினார். எடை சரியாக இருந்தது. சந்திரமோகன் கால்குலேட்டரைத் தட்டத் தொடங்கும்போது ஜெயம்மாள் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டாள்.

"இவர அப்புறம் யாருக்குப்பா விப்ப?"

"விக்கறது எங்கக்கா? பழசு வந்தா உருக்கிடுவோம்."

ஜெயம்மாள் மேசையை ஊன்றி எழுந்தாள். தராசுத் தட்டிலிருந்து முருகனை எடுத்தாள். சந்தனப் பொட்டு இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது.

"வெள்ளிக்கெழம பாலூத்தி, சனிக்கெழம அடுப்புல போடுவாங்களா? உன் தலைக்கு மேல யாரு படம்பா மாட்டி வெச்சிகிற?"

சந்திரமோகன் அண்ணாந்து பார்த்தார். மாலை போட்ட முருகன், வண்ண விளக்குகளோடு. பாவம், தொழிலில் தினமும் செய்கிற காரியம்தான். ஆனாலும் அன்று அவர் கால்குலேட்டரை மூடி வைத்துவிட்டார்.

"ஜெயா, உனுக்காகத்தான விக்கறோம்."

"என் முட்டிக்கு முருகன உருக்கணுமா? அப்படி வர காலு எனுக்கு வேணாம். நான் இப்படியே தவழ்ந்துகினு இருந்துட்டுப் போறேன்."

இந்த ஊரில் மட்டும்தான் இப்படி ஒரு தப்பு நடக்கும்! ரோஜாப்பூக் காசாக வாங்கியிருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும். தன் மொத்த உழைப்பையும் கைக்கு அடக்கமாக, கண்ணுக்கு முன்னால், திருடன்கூடத் தொடத் தயங்கும் உருவத்தில் வாங்கி வைத்த கெட்டிக்காரர், அதைத் தானும் தொட முடியாமல் கடைத்தெருவில் நின்றார். துர்கா போனில் அழுதாள், திட்டினாள். "நைனா, அம்மாவுக்குத் தெரியாம வித்துடு" என்றாள். துளசிங்கம் ஒரு நாள் முழுக்க விலைப்பலகைப் பக்கமே போகவில்லை. ஏறினதா இறங்கினதா என்று தெரியாமல் கடைத்தெரு தவித்தது.

மறுநாள் அதிகாலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டு, நுரையோடு அடுப்படிக்கு ஓடிவந்தார்.

"இன்னாமே, வண்டி நடுவுல நின்னுபோச்சின்னா பாசஞ்சர ரோட்லயா வுட்டுட்டு வருவோம்?"

"மொதல்ல வாயக் கொப்புளி."

"பின்னால வர வண்டில ஏத்தி வுடுவோம்! அதே டிக்கெட்டு, அதே ஊரு, வேற வண்டி. நம்ம வண்டி இப்ப பிரேக்டவுனு."

"யாருய்யா பிரேக்டவுனு?" ஜெயம்மாள் கரண்டியைத் தூக்கினாள்.

அவர் சொல்ல வந்தது இதுதான். உருக்குகிறவருக்கு ஏன் விற்க வேண்டும்? கும்பிடுகிறவருக்கு விற்றால் முருகன் முருகனாகவே இருப்பார், வீடு மட்டும்தான் மாறுவார். வைகாசி மாதம், கல்யாண வீடுகள் தங்கம் தேடிக்கொண்டிருக்கின்றன. கடை விலைக்கே கொடுத்தால் அவர்களுக்கும் செய்கூலி மிச்சம். கடைச் சீட்டு பத்திரமாக இருக்கிறது, எடை பார்த்துக் கொடுக்கச் சந்திரமோகன் இருக்கிறார். அந்தத் தடத்தில் எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று துளசிங்கத்தைவிடத் தெரிந்தவர் யார்?

ஜெயம்மாள் தோசையைத் திருப்பிப் போட்டாள். "வீட்ட நான் பாக்கணும். நான் பாத்து சரின்னாதான்."

அன்று தொடங்கியது முருகனுக்கு வீடு பார்க்கும் படலம். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட ஜெயம்மாள் இவ்வளவு விசாரிக்கவில்லை! பஸ்ஸில் ஏற துளசிங்கம் கீழிருந்து தாங்குவார், கண்டக்டர் மேலிருந்து கையைப் பிடிப்பார். போன வீட்டில் முதலில் தண்ணீர் கேட்பாள். அவர்கள் உள்ளே போனதும் சுவரைப் பிடித்துப் பிடித்து சாமி மாடத்துக்குப் போய்விடுவாள். திரியைத் தொட்டுப் பார்ப்பாள், நேற்றையதா, போன மாதத்தையதா என்று. விளக்கடியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சந்தோஷம், அது தினமும் எரிகிற விளக்கு. தூசி படிந்திருந்தால் போச்சு.

பொதட்டூர்பேட்டையில் சுப்பிரமணி, துளசிங்கத்தின் பழைய டிரைவர். கையில் பணத்தோடு காத்திருந்தார். கிராஜுவிட்டி முருகனையே கேட்டார். ஜெயம்மாள் போய் மாடத்தைப் பார்த்துவிட்டு வந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

"இன்னா அண்ணி, காப்பிகூட குடிக்காம?"

"சாமி பக்கத்துல போன் சார்ஜர் தொங்குது. மிக்சி டப்பா வேற. என் முருகனுக்கு சார்ஜு போட்டுக்குனா ஒக்கார வெப்ப?"

துளசிங்கத்துக்கு உயிரே போய்விட்டது. இருபது வருடம் தன்னைப் பத்திரமாக ஓட்டிக்கொண்டு போன மனிதர்! ஆனால் சுப்பிரமணி விழுந்து விழுந்து சிரித்தார். அன்று சாயங்காலமே மாடத்தைக் கழுவி, கோலம் போட்டு, போனில் படம் அனுப்பினார். "போட்டோல எல்லா வீடும் கோயில்தான்" என்று ஜெயம்மாள் இறங்கி வரவில்லை. ஒரு வாரம் கழித்து முன்னறிவிப்பில்லாமல் போய்ப் பார்த்து, திரியைத் தொட்டு, அதன் பிறகுதான் முருகனைக் கொடுத்தாள். "வெள்ளிக்கெழம பால் ஊத்தணும். பாக்கெட் பாலுன்னாலும் பரவால்ல" என்று சொல்லியும் வைத்தாள்.

இப்படி ஒவ்வொருவராகப் போனார்கள். அரியர்ஸ் முருகன்கள் இரண்டு பேர் மணவூரில், தபால்காரர் வீட்டில். மூன்றாமவர் அரக்கோணத்தில் புதுப் பெண்ணின் சீர்த்தட்டில். "எல்லாருக்கும் டிரான்ஸ்பர் ஆர்டர் வந்துட்ச்சு" என்று கடைத்தெருவில் சொல்லிச் சிரித்தார் துளசிங்கம். கட்ட வேண்டிய பணம் நெருங்கிக்கொண்டே வந்தது.

லீவு முருகனிடம் மட்டும் அந்த இடமாற்றம் நின்றது.

"இது சின்னது, சட்டுனு போயிடும்" என்று எடுக்கப்போனவர் கையை ஜெயம்மாள் தட்டிவிட்டாள்.

"இவரு எங்கயும் போவ மாட்டாரு."

"ஏம்மே?"

"ஆடிக் கிருத்திகைக்கு ஸ்பெசல் வண்டின்னு போவ. பங்குனி உத்திரத்துக்கு ஸ்பெசல் வண்டி. தீபாவளிக்கு ஆளில்லன்னு போவ. துர்காவ இடுப்புல வெச்சிகினு நான் தனியாத்தான் மலையேறினேன், தனியாத்தான் எறங்கினேன். நீ எடுக்காத லீவுன்னா அது யாரு நாளுய்யா? என் நாளு. அத்தினி நாளையும் சேத்து இந்தாம் பெரிசா ஒண்ணு குடுத்தானுங்க. இத நான் தர மாட்டேன்."

துளசிங்கம் காசுகளை மூடியிருந்த துணியை மடித்தார், பிறகு பிரித்தார், பிறகு மறுபடி மடித்தார்.

ஆனி பிறந்தது. ஒரு சின்னக் காசின் விலை அளவு பணம் மட்டும் பாக்கி. திங்கட்கிழமை கட்டியாக வேண்டும். விற்க மீதி இருந்தவர் பி.எஃப். முருகன், எட்டு கிராம். பள்ளிப்பட்டில் விசைத்தறி நெய்யும் யோகலட்சுமி, பெண் கல்யாணத்துக்கு ஒரு காசு வேண்டும் என்று சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் போய் இறங்கினார்கள்.

தெருவுக்குள் நுழையும்போதே தறிச் சத்தம் காதை அடைத்தது. ஒரு நீளக் கூடம், அதில் இரண்டு தறிகள், நடுச்சுவரில் சாமி மாடம். "ரண்டி அண்ணா, வாங்க வாங்க!" என்று கத்திக்கொண்டே வந்தாள் யோகலட்சுமி, தலைமுடியெல்லாம் பஞ்சுத் துகள். ஜெயம்மாள் வழக்கம்போலத் தண்ணீர் கேட்டாள். யோகலட்சுமி உள்ளே போகாமல், "ஒரு நிமிசம்க்கா, வெளக்கு வெக்கற நேரம்" என்று சுவரோரம் போய் விசையை இறக்கினாள்.

இரண்டு தறிகளும் நின்றன. வீடே அமைதியானது. அவள் கையைக் கழுவி, திரியைத் திரித்து, விளக்கேற்றினாள். கூலி ஓடுகிற நேரத்தில், ஒரு சுடர் நிமிர்ந்து எரியும் வரைக்கும் கையைக் கட்டி நின்றாள்.

"தெனமும் தறிய நிறுத்துவியா?" ஜெயம்மாள் கேட்டாள்.

"ஆங்க்கா. ஓடிகினு இருந்தா செவுரு அதிரும், வெளக்கு நிக்காது. ஊட்டுக்காரரு திட்டுவாரு. திட்டினா திட்டட்டும்."

துளசிங்கம் துணியைப் பிரித்து பி.எஃப். முருகனை எடுத்தார். யோகலட்சுமி பார்த்தாள், முகம் மலர்ந்தது. எடையையும் விலையையும் கேட்டதும் மெல்ல வாடியது. "பெரிசா கீதே அண்ணா. நான் நாலு கிராமுக்குத்தான் சேத்து வெச்சிகிறேன். எத்தினி கிராமுன்னு நீ சொல்லவேயில்லியே" என்றாள். ஊரெல்லாம் விலை சொன்னவருக்கு எடையைச் சொல்லத் தோன்றாமல் போனது. எட்டை நாலாக்க முடியாது. வெட்டவா முடியும், முருகனை? வேறு வீடு தேடவும் நேரமில்லை, விடிந்தால் திங்கட்கிழமை. இந்தத் தேதி போனால் அடுத்து எப்போதோ. அவர் துணியை மடிக்கத் தொடங்கினார்.

"இரு" என்றாள் ஜெயம்மாள்.

சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே முந்தானை முடிச்சைப் பல்லால் இழுத்து அவிழ்த்தாள். உள்ளே, மஞ்சள் துணியில், லீவு முருகன். துளசிங்கத்துக்குத் தெரியாது. காலையில் எப்போது எடுத்து முடிந்துகொண்டாளோ!

"உனுக்கு நாலு கிராம்தான வேணும்? இந்தா."

"ஜெயா... இது..."

"தெரியும்யா." அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. யோகலட்சுமியிடம்தான் பேசினாள். "இவரு இத்தினி நாளு என்கூட இருந்தாரும்மா. சத்தம்னா ஆவாது. வெளக்கு வெக்கற நேரத்துக்குத் தறிய நிறுத்திடு."

யோகலட்சுமி இரண்டு கையையும் புடவையில் துடைத்துவிட்டு வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சந்திரமோகனை போனில் பிடித்து அன்றைய விலையைச் சரிபார்த்து, பணத்தை எண்ணிக் கொடுத்தாள். கட்ட வேண்டியது சேர்ந்துவிட்டது. சில்லறை மீந்தது. மீந்த சில்லறைக்கு பஸ் நிலையத்தில் இரண்டு மசால் வடை வாங்கினார் துளசிங்கம். பி.எஃப். முருகன் அவர்களோடு வீடு திரும்பினார்.

கடைசி வண்டிக்கு முந்தைய வண்டி. பெண்களுக்கு இலவச டிக்கெட், துளசிங்கத்துக்குக் காசு. "இத்தினி வருசம் கிழிச்சதுக்கு எனுக்கு ஒரு சலுக கெடையாதா?" என்று கேட்டு இளம் கண்டக்டரைச் சிரிக்கவைத்தார். ஞாயிறு கூட்டம், கம்பியெல்லாம் கை. ஜெயம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்து, முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வெளியே பார்த்தபடி வந்தாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் உதட்டை மடித்துக் கடித்தாள்.

துளசிங்கம் குனிந்தார். அவள் செருப்பைக் கழற்றினார். காலைத் தூக்கித் தன் மடிமேல் நீட்டி வைத்துக்கொண்டார்.

"ஐயோ, இன்னா பண்ற நீ? வுடுய்யா. ஊரே பாக்குது."

அந்தத் தடத்தில் அவரைத் தெரியாதவர் யாரும் இல்லை. பாதி பஸ் திரும்பித்தான் பார்த்தது. துளசிங்கம் நிமிரவில்லை. இரண்டு கட்டைவிரலையும் அவள் முட்டியின் இரு பக்கமும் வைத்து, மெதுவாக அழுத்தித் தேய்க்கத் தொடங்கினார்.